விரிசலுக்குள் இறங்கிய கையொப்பம்

போர்வையில் சுற்றிய ஓவியம் ஒன்றைச் சென்ற குளிர்காலத்தில் ஒரு மூதாட்டி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஓக் பலகையில் வரைந்தது. பழுப்பேறிய வார்னிஷுக்கு அடியில் தாடிக்காரக் கிழவர் ஒருவர். வலது கீழ்மூலையில் 'ரெம்பிராண்ட், 1631' என்று 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவிய மேதையின் பெயர். கணவரின் தாத்தா ஏலத்தில் எடுத்ததாம். விலை பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் போர்வையைப் பிரித்த பக்குவமே அவர் மனத்தில் இருந்த தொகையைச் சொல்லிவிட்டது.

நான் ஓவியங்களைச் சீரமைப்பவன். விலை சொல்வது என் தொழில் அல்ல. இருந்தாலும் இப்படி வரும் எல்லாப் படங்களிலும் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். பழைய தைல ஓவியத்தின் மேற்பரப்பு, தண்ணீர் வற்றிய குளத்தடி போல நுணுக்கமாக வெடித்திருக்கும். வரைந்த கையோடு ஓவியர் பெயரை எழுதியிருந்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்தே வெடிக்கும்; விரிசல் எழுத்தை அறுத்துக்கொண்டு போகும். இங்கே நுண்ணோக்கியில் தெரிந்தது வேறு. முதல் எழுத்தின் காலில் இருந்த கறுப்பு வண்ணம் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. படம் வெடித்து ஓய்ந்த பிறகு யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த ஆளுக்கு வரலாறும் போதவில்லை. 1631இல் ரெம்பிராண்ட் வழக்கமாக ஆர், எச், எல் என்ற மூன்று எழுத்துகளைப் பின்னித்தான் போடுவார். அடுத்த ஆண்டுதான் முதற்பெயரை எழுதத் தொடங்கினார், அதுவும் 'டி' என்ற எழுத்து இல்லாமல். இன்று நாம் அறிந்த எழுத்துக்கூட்டு 1633இல் வந்தது.

"அப்படியானால் படம் போலியா?" என்று மூதாட்டி கேட்டார்.

கையொப்பம் போலி. படம் போலி என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள், சிலர் நல்ல படத்தைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

ரெம்பிராண்டின் பட்டறையில் காசு கொடுத்துப் படித்த மாணவர்கள் பலர். லெய்டன் நகரில் இசாக் யாவ்டர்வில் என்ற பெற்றோரில்லாப் பையன் அரை ஆண்டுக்கு 50 கில்டர் கட்டிய ரசீதுகள் இன்றும் இருக்கின்றன. பையன்கள் குருவின் படத்தைப் பார்த்து வரைவார்கள், மாற்றி வரைவார்கள், தாடிக்காரக் கிழவர்களின் தலைகளைப் பயிற்சிக்காகத் தீட்டித் தள்ளுவார்கள். பட்டறையில் உருவானது பட்டறைத் தலைவரின் பெயரில் விற்பது அந்தக் காலத்துத் தொழில்முறை. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மியூனிக்கில் உள்ள ஆபிரகாம் மகனைப் பலியிடும் ஓவியத்தில் 1636 என்ற ஆண்டோடு, ரெம்பிராண்ட் மாற்றி மேலே வண்ணம் தீட்டினார் என்று டச்சு மொழியில் எழுதியே இருக்கிறது. அவர் அதற்கு முந்தைய ஆண்டு வரைந்த மூலப்படம் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். மாணவர் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார், குரு திருத்தியிருக்கிறார் என்பதுதான் பலரின் முடிவு. இதில் எந்தக் கோடு யாருடையது? எனக்குத் தெரிந்து எந்தக் கருவியும் இதற்கு விடை சொன்னதில்லை.

காரணம் எளிது. மாணவருக்கும் குருவுக்கும் பலகை ஒரே கடையிலிருந்து, அடிப்பூச்சு ஒரே வாளியிலிருந்து, வண்ணம் ஒரே அம்மியிலிருந்து. ஓக் பலகையின் வளையங்களை எண்ணினால், மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று தெரியும். ஈய-வெள்ளீய மஞ்சள் என்ற பழைய வண்ணப்பொடி இருந்தால் பெரும்பாலும் 1750க்கு முந்தையது என்று கொள்ளலாம். டைட்டானியம் வெள்ளை இருந்தால் 20ஆம் நூற்றாண்டுக் கை பட்டிருக்கிறது. பிற்காலப் போலியை இவை பிடித்துவிடும். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து அதே தூரிகையைப் பிடித்த பையனை எப்படிப் பிடிக்கும்?

வில்லெம் ட்ரோஸ்ட் அப்படி ஒரு பையன். 1633இல் ஆம்ஸ்டர்டாமில் ஞானஸ்நானம், 1659இல் வெனிஸில் சாவு. பைபிளில் வரும் பத்சேபாளைக் குரு வரைந்த அதே 1654இல் இவரும் வரைந்தார். இரண்டும் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நியூயார்க்கில் ஃப்ரிக் தொகுப்பில் உள்ள 'போலந்துக் குதிரைவீரன்' பெருமதிப்புள்ள ரெம்பிராண்ட். 1984இல், எந்தப் படம் உண்மையில் ரெம்பிராண்டுடையது என்று ஆராய்ந்த ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த யோசுவா புருய்ன், அது ட்ரோஸ்ட்டின் கையாக இருக்கலாம் என்று எழுதினார். கலையுலகம் அதிர்ந்தது. பிறகு அதே திட்டத்தின் தலைவரான எர்ன்ஸ்ட் வான் டெ வெடெரிங், பெரும்பகுதி ரெம்பிராண்ட்தான் என்று திருப்பிச் சொன்னார். அருங்காட்சியகம் பெயர்ப்பலகையை மாற்றவே இல்லை. என் கருத்தைக் கேட்டால், குதிரையின் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனால் நெருடல் சான்று ஆகாது.

1968இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஓவியங்களை அ, ஆ, இ என்பது போல மூன்று பெட்டிகளில் போட்டது: அவருடையது, முடிவு செய்ய இயலாதது, அவருடையது அல்ல. 1993இல் நான்கு மூத்த உறுப்பினர்கள் விலகினார்கள், பெட்டிகளும் கைவிடப்பட்டன. பெர்லினின் 'தங்கத் தலைக்கவச மனிதன்' 1985இல் ரெம்பிராண்ட் படங்களின் பட்டியலை விட்டுப் போனது. எதிர்த்திசையிலும் நடந்தது. ஹேக் நகரின் 'சவுலும் தாவீதும்' 1969இல் ஓர் அறிஞரால் ஒதுக்கப்பட்டு, பல ஆண்டுச் சோதனைக்குப் பின் 2015இல் திரும்பி வந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் அது பல துண்டுகளை ஒட்டிச் சேர்த்த கேன்வாஸ். மேல் வலது மூலை முற்றிலும் வேறொரு படத்தின் துண்டு. பிறர் பூசிய மேற்பூச்சைப் பார்த்துத்தான் பலர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

ஏல விற்பனைப் பட்டியலைப் படிக்கும்போது பெயருக்கு முன்னும் பின்னும் இருக்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள். வெறும் பெயர் என்றால் அவர் கை என்பது ஏலக்காரரின் கருத்து. 'பட்டறை', 'வட்டம்', 'பின்பற்றியவர்', 'பாணியில்' என்று வர வர அவர் விலகிக்கொண்டே போகிறார். 'பாணியில்' என்றால் பல தலைமுறை கழித்து வரைந்ததாகவும் இருக்கலாம். 'கையொப்பமிட்டது' என்பதும் 'கையொப்பம் காணப்படுகிறது' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு, எழுதியவர் வேறொருவர் என்று நினைக்கிறோம் என்று பொருள். இந்த அகராதி பட்டியலின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும் முன் படியுங்கள். விற்பவர் கையொப்பத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டினால், படம் யார் யார் கை மாறி வந்தது என்ற காகிதங்களைக் கேளுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; உருளைக்கிழங்கு, ரொட்டித்துண்டு வைத்தியங்களும் வேண்டாம்.

அந்தப் பொய்யான பெயரை அழித்துவிடலாமா என்று மூதாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன், அதுவும் இப்போது படத்தின் கதையில் ஒரு பகுதி. கிழவரின் சட்டைக் கழுத்தில் ஈய-வெள்ளீய மஞ்சள் கிடைத்தது. அறிக்கையில் 'டச்சு, 17ஆம் நூற்றாண்டாக இருக்கக்கூடும், ஓவியர் தெரியவில்லை, பிற்காலக் கையொப்பம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "இடது கண்ணை மட்டும் நன்றாக வரைந்திருக்கிறான், பையன்" என்றார். போர்வையை மறுபடி சுற்றுவதற்கு நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.