சங்கிலியைப் பார்க்காத ஷெட்யூலர்

வேண்டாத நெட்வொர்க் டிராஃபிக்கைத் தடுக்கும் ஃபயர்வால் என்றால் ஒரு காலத்தில் ரேக்கில் திருகி மாட்டிய தனிப்பெட்டி. அதையும் அதுபோன்ற மற்ற நெட்வொர்க் பெட்டிகளையும் சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருளாக மாற்றலாம் என்று 2012-ல் டெலிகாம் நிறுவனங்கள் சில சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இன்று கிளவுடில் அவை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன மென்பொருள் சேவைகளாக ஓடுகின்றன. வரும் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) முதலில் ஃபயர்வால், அப்புறம் ஊடுருவல் சோதனை, அடுத்து முகவரி மாற்றும் நேட், கடைசியில் வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோடு பேலன்சர் என்று வரிசையாகப் போக வேண்டும். இந்த வரிசையைத்தான் சங்கிலி என்கிறோம்.

இப்படிப்பட்ட சேவைகளைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். எது எந்த சர்வரில் ஓட வேண்டும் என்று அதில் முடிவு செய்யும் பகுதி ஷெட்யூலர். காத்திருக்கும் பாட்களில் (பாட் என்பது ஒரு சேவையை ஓட்டும் அலகு) ஒன்றை எடுக்கும், இடம் போதாத சர்வர்களைக் கழிக்கும், மீதிக்கு மார்க் போடும், அதிக மார்க் வாங்கிய சர்வரில் பாட்டை வைக்கும். பிறகு அடுத்த பாட். தனித்தனியான வெப் சேவைகளுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. சிக்கல் சங்கிலிக்குத்தான்.

தலா 8 கோர் (சிபியுவில் தனியாக வேலை செய்யும் பகுதி) காலியாக உள்ள இரண்டு சர்வர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் நான்கு சேவைகளுக்கும் தலா 2 கோர் வேண்டும். வழக்கமான அமைப்பில், காலி அதிகம் உள்ள சர்வருக்கே அதிக மார்க். அதனால் ஃபயர்வால் முதல் சர்வருக்கும் ஊடுருவல் சோதனை இரண்டாவதற்கும் போகும். நேட் மறுபடி முதல் சர்வருக்கு, லோடு பேலன்சர் இரண்டாவதற்கு என்று அமைந்துவிடலாம். கோர் கணக்கில் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் சர்வர்களுக்கு இடையே மூன்று முறை தாண்ட வேண்டும். முதல் இரண்டை ஒரு சர்வரிலும் அடுத்த இரண்டை மற்றதிலும் வைத்திருந்தால் ஒரே தாண்டல்.

இந்தத் தாண்டல் சின்ன விஷயம் இல்லை. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால், விநாடிக்கு சுமார் 1 கோடியே 48 லட்சம். ஒன்றுக்கு 67 நானோவிநாடிதான் கிடைக்கும். சர்வர்கள் வேறு வேறு ஊரில் இருந்தால் இன்னும் மோசம்: ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகவே 5 மைக்ரோவிநாடி ஆகும்.

'இந்த பாடை அதன் பக்கத்தில் வை' என்று ஷெட்யூலரிடம் சொல்லும் வசதி குபர்நெட்டிஸில் உண்டு. ஆனால் எந்த இணைப்பில் எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. சங்கிலி முழுவதையும் சேர்த்துப் பார்த்து இடம் ஒதுக்கலாம் என்றால், 4 சேவைக்கும் 100 சர்வருக்குமே 10 கோடி விதங்கள் உண்டு. அதனால் நடைமுறையில் குறுக்குவழிதான்: டிராஃபிக் அதிகமுள்ள ஜோடியை முதலில் ஒரே சர்வரில் சேர்த்துவிடுவது. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஃபயர்வால் வேண்டாத பாக்கெட்டுகளைக் கழித்த பிறகு, டிராஃபிக் மெலிந்த இடத்தில் வெட்டுவது.

நான்கையும் ஒரே சர்வரில் வைத்தால், அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சே என்று தோன்றும். உண்மையில் சங்கிலியில் எந்த ஒன்று நின்றாலும் மொத்தமும் நிற்கும். அதனால் நான்கு சர்வரில் பிரித்து வைத்தால்தான் ஆபத்து கூடும். பாதுகாப்பு வேண்டுமானால் முழுச் சங்கிலிக்கும் ஒரு நகலை வேறொரு சர்வரில் ஓட்ட வேண்டும்.

இடம் ஒதுக்கியதோடு வேலை முடிவதில்லை. ஊடுருவல் சோதனை திணறும்போது ஃபயர்வாலுக்கு மேலும் சிபியு நேரம் கொடுப்பது வீண். அது முடித்து அனுப்பும் பாக்கெட்டுகள் அடுத்த வரிசையில் இடமில்லாமல் விழுந்துவிடும். அந்த நேரத்தைச் சோதனைக்குத் தர வேண்டும், அப்படியும் போதாவிட்டால் மிஞ்சும் பாக்கெட்டுகளைச் சங்கிலியின் வாசலிலேயே நிறுத்த வேண்டும்.