சத்தம் போடும் மென்பொருளுக்கு மட்டும்தான் நன்றியா?

இலவச ஆண்டிவைரஸ் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் மனம் நிறைந்துதான் பேசுவார்கள். "காசே வாங்காம என் கம்ப்யூட்டரைக் காப்பாத்திடுச்சு சார், இதைச் செஞ்சவங்க நல்லா இருக்கணும்" என்பார்கள். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு அதைக் கேட்க எப்போதுமே சந்தோஷம்தான். ஆனால் எப்படிக் காப்பாற்றியது என்று கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், அங்கேதான் எனக்குக் கவலை ஆரம்பிக்கும். சிவப்பு எழுத்தில் ஒரு பெரிய எண், அதன் கீழே "அச்சுறுத்தல்கள் கண்டறியப்பட்டன" என்று ஒரு வரி, பக்கத்திலேயே பெரிய பச்சை பட்டன். விவரம் என்பதை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசி குக்கீகள், மிச்சம் பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளும், எப்போதோ நீக்கிய மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன வரிகளும்தான். குக்கீ ஒரு சின்ன எழுத்துத் துணுக்கு. அது தானாக ஓடாது, உங்கள் கோப்புகளைப் பூட்டாது. விளம்பரக்காரர்கள் உங்களைப் பின்தொடர அது உதவும் என்பது உண்மை, ஆனால் அதை வைரஸ் கணக்கில் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது நியாயம் இல்லை.

அதே கணினியில், அதே வாரத்தில், வங்கித் தளம் மாதிரியே வேஷம் போட்ட ஒரு போலிப் பக்கத்தைப் பிரவுசர் திறக்க விடாமல் சிவப்புப் பக்கம் காட்டித் தடுத்திருக்கும். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. "நெட் என்னமோ எர்ரர் காட்டுது" என்று எரிச்சல்தான் படுவார்கள். கூகுளின் சேஃப் பிரவுசிங் என்ற இலவசச் சேவைதான் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இந்த வேலையைச் செய்கிறது. 500 கோடிக்கும் மேற்பட்ட சாதனங்களைக் காக்கிறோம் என்கிறது கூகுள். உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் இலவசப் பாதுகாப்புகளில் ஒன்று, தான் இருப்பதையே பெரும்பாலானவர்களுக்குக் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறது.

இந்த வேலையில் நான் பார்த்த வரைக்கும் பெரிய குறை இதுதான்: நம் நன்றி எப்போதும் சத்தத்தின் பக்கமே போகிறது. நல்ல பாதுகாப்பு அமைதியாக இருக்கும், அதனால் அது கண்ணில் படுவதில்லை. பாப்-அப் காட்டிக்கொண்டே இருப்பது நமக்காக ராப்பகலாக உழைப்பதாகத் தோன்றுகிறது. இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மோசடிக்காரர்கள். 2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் மீது நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து 2.6 கோடி டாலர் கட்ட வைத்தது. இலவசமாக ஸ்கேன் செய்கிறோம் என்று கூப்பிட்டு, கணினி எந்த நிலையில் இருந்தாலும் ஏதாவது பிரச்சினை இருப்பதாகக் காட்டிப் பழுதுபார்க்கப் பணம் வாங்கினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஏமாந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும்.

அப்புறம், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் சொல்லும் இன்னொரு வார்த்தை: "வெறும் டிஃபெண்டர்தானே இருக்கு, நல்லதா ஒண்ணு போட்டுக் கொடுங்க." டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆண்டிவைரஸ். இந்த "வெறும்" ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக டவுன்லோட் செய்யும்படி வந்தது, 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற பெயரில் முழு ஆண்டிவைரஸாக உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆரம்ப காலத்தில் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக் கூடங்களில் காசு கொடுத்து வாங்கும் ஆண்டிவைரஸ்களோடு முன்வரிசையிலேயே நிற்கிறது. ஒரு நாளைக்குப் பல தடவை புதிய வைரஸ் அடையாளங்களை நம்மைத் தொந்தரவு செய்யாமல் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்குவதால் பாதுகாப்பு மூன்று மடங்கு ஆகிவிடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்கும், கணினி நத்தையாகிவிடும், சில நேரம் ஒன்றை ஒன்று வைரஸ் என்றே நினைத்துக்கொள்ளும். இன்னொரு ஆண்டிவைரஸை இன்ஸ்டால் செய்ததும் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். புது லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பின் காலம் முடிந்து, அது அப்டேட் இல்லாமல் பேருக்கு உட்கார்ந்திருந்தால், உங்களைக் காப்பது எது என்று போய்ப் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்தில் இப்போது எந்த ஆண்டிவைரஸ் வேலை செய்கிறது என்று பெயரோடு காட்டும்.

சரி, இலவசம் என்றால் யாராவது அதற்குச் செலவு செய்துகொண்டுதானே இருக்க வேண்டும்? பெரிய நிறுவனங்களின் இலவசப் பதிப்புகளுக்கு ஒரு கணக்கு உண்டு. இலவசமாகப் பயன்படுத்துபவர்களில் கொஞ்சம் பேர் பின்னால் காசு கொடுத்து வாங்குவார்கள். அதோடு கோடிக்கணக்கான கணினிகளிலிருந்து சந்தேகக் கோப்புகளின் மாதிரிகளும் கிடைக்கும், புது வைரஸ் எங்கே கிளம்பினாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்மையானது என்றே நினைக்கிறேன். நேர்மை தவறியதும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்தது, அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னதோடு, விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கவும் தடை போட்டது. உங்களை யாரும் பின்தொடராமல் காப்போம் என்று சொன்ன மென்பொருளே இதைச் செய்தது என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம். அதற்காக எல்லா இலவச மென்பொருளையும் தூக்கிப் போட வேண்டாம். செட்டிங்ஸில் தனியுரிமை என்ற பகுதிக்குப் போய், தகவல் பகிர்வு என்று இருப்பவற்றை ஒருமுறை படித்து, தேவையில்லாததை ஆஃப் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல், தனி ஆட்கள் தங்கள் ராத்திரிகளைக் கொடுத்து உருவாக்கியவை வேறு ரகம், என் மனசு அவற்றின் பக்கம்தான். மைக்கேல் கில்லஸ்பி என்று ஒருவர். அமெரிக்காவில் பகலில் கணினி பழுதுபார்க்கும் வேலை பார்த்துக்கொண்டே, மற்ற நேரத்தில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், பூட்டிய கோப்புகளைத் திறக்கும் கருவிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். எந்த ரான்சம்வேர் தாக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஐடி ரான்சம்வேர் என்ற தளத்தை 2016-இல் தொடங்கியதும் அவர்தான். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, இரண்டு ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து நோ மோர் ரான்சம் என்ற திட்டத்தைத் தொடங்கின. ஆறு ஆண்டுகளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கொடுக்காமலே கோப்புகளை மீட்டிருக்கிறார்கள் என்று 2022-இல் யூரோபோல் சொன்னது. கல்யாணப் படங்கள், ஆராய்ச்சிக் குறிப்புகள், கடைக் கணக்குகள் என்று அத்தனை பேர் வாழ்க்கையில் திரும்பி வந்தவற்றை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்ற ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளைக் குறிவைத்தே பரவியது. எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கைந்து எழுத்துகள் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ கோப்பு கிடக்கும், 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 போதும் என்று அதில் எழுதியிருக்கும். பூட்டும் நேரத்தில் அது தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்திருந்தால் உங்களுக்கென்றே தனிச் சாவி போட்டுப் பூட்டியிருக்கும், முடியாமல் போயிருந்தால் தன்னுள்ளேயே வைத்திருக்கும், பலருக்கும் ஒன்றேயான பொதுச் சாவியைப் போட்டிருக்கும். புதிய வகைகளில் அந்தப் பொதுச் சாவி வெளியே தெரிந்தால்தான் இலவசக் கருவியால் திறக்க முடியும். இது எப்படி உள்ளே வருகிறது? பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள் வழியாக. அந்தக் கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆண்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று இருக்கும். ஜனங்கள் அப்படியே செய்கிறார்கள். எச்சரித்த மென்பொருளை வாயை மூடச் சொல்லிவிட்டு, கோப்புகள் போன பிறகு "இந்த ஆண்டிவைரஸ் வேஸ்ட்" என்று ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

நன்றி இல்லாமை மென்பொருளை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டுமானால் எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள்தான், ஆனால் உலகத்தில் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. லாஸ்ஸே காலின் என்ற ஒருவர் சம்பளம் இல்லாமல் பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். 2022-இல் ஏன் இவ்வளவு தாமதம், ஏன் புதுப் பதிப்பு வரவில்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சிலர் மெயில் மேல் மெயிலாக நெருக்கினார்கள். மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்து நின்றது ஜியா டான் என்ற பெயர். மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் வாங்கி, 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டது அந்தப் பெயர். நெருக்கியவர்களும் அதே கூட்டமாக இருக்கலாம் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29-இல் அதை அம்பலப்படுத்தினார். கோடிக்கணக்கான பயனர்களில் "உங்கள் வேலை நல்லா இருக்கு, அவசரம் இல்லை, எது உதவியாக இருக்கும்?" என்று எழுதியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருந்தால், அந்த மனிதர் அவ்வளவு தனியாக நின்றிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோதும் இதே நிலைமைதான். இணையத்தின் பெரும்பகுதியின் பூட்டே அதுதான், அதற்கு அதுவரை ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

அதனால் நன்றி சொல்ல நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, உண்மையான இடத்திலிருந்து டவுன்லோட் செய்வது. கீபாஸ் என்ற இலவசப் பாஸ்வேர்டு பெட்டகத்தின் பெயரில் 2023 அக்டோபரில் ஒரு போலித் தளம் தேடல் விளம்பரத்தில் வந்தது. முகவரியில் முதல் எழுத்தான ஆங்கில கே-யின் அடியில் மட்டும் ஒரு சின்ன வால், தூசி ஒட்டியிருக்கிறது என்று துடைக்கப் போகும் அளவுக்குச் சின்னது. அங்கே போய் டவுன்லோட் செய்தவர்களுக்குக் கிடைத்தது வைரஸ். தேடல் முடிவில் மேலே 'விளம்பரம்' என்று வருவதை அழுத்தாதீர்கள், தளத்தின் முகவரியைத் தெரிந்தவர்களிடம் கேட்டு நீங்களே டைப் செய்யுங்கள்.

நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடித்தால் திட்டிவிட்டு அன்இன்ஸ்டால் செய்வதற்குப் பதில் புகார் அனுப்புங்கள். அநேகமாக எல்லா ஆண்டிவைரஸ் நிறுவனங்களும் இதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. மென்பொருளின் பதிப்பு எண், எந்தப் பெயரில் பிடித்தது, கோப்பு எங்கிருந்து வந்தது, இவை மூன்றும் இருந்தாலே அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும், உங்கள் ஒரு புகாரால் மற்ற எல்லோருக்கும் அது சரியாகும். சந்தேகக் கோப்பை வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் போட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம், சுமார் 70 ஆண்டிவைரஸ்களின் கருத்து ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பை மற்ற ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும், அதனால் சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அங்கே ஏற்றவே கூடாது.

அலுவலகத்தில் இலவசப் பதிப்பை ஓட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல இலவச ஆண்டிவைரஸ்களின் உரிமத்தில் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருக்கும். லாபம் பார்க்கும் இடத்தில் அதையே ஐம்பது கணினிகளில் போட்டு ஓட்டுவது தப்பு, அதை நான் யாருக்கும் செய்து தர மாட்டேன். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் டிஃபெண்டரையே சரியாக அமைத்துக்கொள்ளலாம், மெயில் சர்வருக்கு கிளாம்ஏவி என்ற இலவச ஆண்டிவைரஸ் இருக்கிறது, அலுவலகப் பயன்பாட்டுக்கும் அது தடையில்லாமல் கிடைக்கிறது.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள், சின்னத் தொகை என்றாலும் மாதாமாதம் வருவது பராமரிப்பவருக்குப் பெரிய தெம்பு. மெயிலையும் கோப்புகளையும் மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் ஜிஎன்யூபிஜி என்ற இலவச மென்பொருளை எழுதிய வெர்னர் கோக் பண நெருக்கடியில் இருப்பது 2015 பிப்ரவரியில் செய்தியானதும் நன்கொடைகள் குவிந்தன, பெரிய நிறுவனங்களே ஆண்டுக்கு 50,000 டாலர் தர முன்வந்தன. அதுவரை உலகமே சும்மா பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தது. பிரவுசரில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் செய்யும் ரேமண்ட் ஹில் நன்கொடையே வாங்குவதில்லை, எனக்கு வேண்டாம், தடுப்புப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். அந்தப் பட்டியல்கள் எல்லாம் அதன் செட்டிங்ஸிலேயே வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வீடு போட்ட சின்ன ஐகான் இருக்கும், அதை அழுத்தினால் அதைச் செய்பவர்களின் பக்கம் திறக்கும்.