'எங்க பக்கம் சொட்டுகூட விழல'

நேற்று சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மாடியில் வடிகுழாயின் வாயை இலை அடைத்துக்கொள்ள, கணுக்கால் அளவு தண்ணீர். குச்சியை விட்டுக் குடைந்துவிட்டு, நனைந்த சட்டையோடு அக்காவுக்குப் போன் செய்தேன். "என்னடா சொல்ற? எங்க பக்கம் சொட்டுகூட விழல. துணி காயுது" என்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர்தான்.

காலையில் செய்தி வந்தது: 7 சென்டிமீட்டர் மழை பதிவு. எனக்கு அது ரொம்பக் குறைச்சலாகப் பட்டது. அக்காவுக்கு அது பச்சைப் பொய்.

அப்படியானால் இந்த 7 எங்கே பெய்தது? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. தண்ணீரை லிட்டரில் அளக்கிற நாம் மழையை மட்டும் ஏன் துணி மாதிரி சென்டிமீட்டரில் அளக்கிறோம்?

விழுந்த தண்ணீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்த எண். இதில் ஒரு வசதி உண்டு. பாத்திரம் அகலமாக இருந்தால் அதிக மழை பிடிக்கும்; ஆனால் அந்த மழை அதே அகலத்தில் பரவியும் நிற்கும். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். சுவர் செங்குத்தாக இருந்தால் போதும், டம்ளராக இருந்தாலும் நீச்சல் குளமாக இருந்தாலும் நீர்மட்டம் ஒரே அளவுதான் ஏறும். லிட்டரில் சொன்னால் "எவ்வளவு பரப்பில்?" என்ற கேள்வி கூடவே வரும். சென்டிமீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

லிட்டர் வேண்டுமென்றால் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 7 சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 6,500 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் 7 கோடி லிட்டர். சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் பெய்தது. வடியாமல் நின்றிருந்தால் எட்டு மாடிக் கட்டடம் முழுகியிருக்கும். மறுகோடியில் சிலி நாட்டின் அரிக்கா ஊர். 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை அங்கே மழைமானியில் அளக்கிற மாதிரி ஒன்றும் விழவில்லை. பதினான்கு வருடத்துக்கு மேலாக ஒருவர் தினமும் போய்ப் பார்த்து பூஜ்யம் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, நாமே அளந்து பார்த்தால் என்ன என்று போன மழைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை மாடியில் வைத்தேன். மழை விட்டதும் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் 9.6 சென்டிமீட்டர். எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்ட பிறகுதான் வாளியைக் கவனித்தேன். வாய் 30 சென்டிமீட்டர், அடி 20 சென்டிமீட்டர், உயரம் 30. அகன்ற வாயால் பிடித்த மழையைக் குறுகிய அடியில் அடைத்தால் மட்டம் ஏறத்தானே செய்யும்? திருத்தும் வழி, தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கன சென்டிமீட்டரில் வந்ததை வாயின் பரப்பால் வகுப்பது. சுமார் 3,530-ஐ 707-ஆல் வகுத்தேன். வந்தது 5. வாளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அளந்திருக்கிறது.

உண்மையான மழைமானி இதே குறும்பைத் தெரிந்தே செய்கிறது. மேலே அகலமான புனல், உள்ளே ஒல்லியான குழாய். குழாயின் குறுக்குப் பரப்பு புனல் வாயில் பத்தில் ஒரு பங்கு என்றால், 2.5 மில்லிமீட்டர் மழை உள்ளே 25 மில்லிமீட்டர் நிற்கும். குழாயிலேயே பத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தூறலைக்கூட கண்ணால் படிக்கலாம். புனலின் துளை சிறியது என்பதால் பிடித்த தண்ணீர் சட்டென்று ஆவியாகவும் முடியாது. இந்தியாவில் 2.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் அது 'மழை நாள்'. அதற்குக் கீழே என்றால், நீங்கள் தொப்பலாக நனைந்திருந்தாலும் கணக்கில் வராது.

இவ்வளவு எளிய சாமானுக்கு வயது அதிகம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், அரசுக் களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்லியிருக்கிறது. வறண்ட நாட்டில் 16 துரோணம் (அந்தக் காலத்து முகத்தல் அளவு), அவந்தி நாட்டில் 23 துரோணம் என்று ஊர்வாரியாகக் கணக்கும் இருக்கிறது. மழையைப் பார்த்துத்தான் எந்த விதையை விதைப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது நூல்.

கொரியாவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். சேஜோங் மன்னர் காலத்தில் மழை தவறிக்கொண்டே இருந்தது. பட்டத்து இளவரசர் ஒவ்வொரு மழைக்கும் பிறகு மண்ணைத் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். நம் உழவர்கள் 'ஓர் உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று சொல்வதும் இதே கணக்குத்தான்: ஏர் இறங்கும் அளவுக்கு ஈரம். ஆனால் ஈரம் மண்ணுக்கு மண் மாறும். காய்ந்து வெடித்த நிலம் குடிக்கிற அளவு வேறு, முந்தாநாள் நனைந்த நிலம் குடிக்கிற அளவு வேறு. அதனால் இளவரசர் மண்ணை விட்டுவிட்டு, செம்பில் ஒரு பாத்திரம் வார்த்து அரண்மனையில் வைத்தார். அது 1441. அடுத்த ஆண்டே பாத்திரத்தின் உயரமும் அகலமும் நிர்ணயிக்கப்பட்டு, நாடெங்கும் அதே அளவில் வைக்க உத்தரவு போனது. மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, எவ்வளவு நின்றது என்று எழுதி அனுப்ப வேண்டும்.

ஐரோப்பாவில் இது இருநூறு வருடம் பிந்தி நடந்தது. கலிலியோவின் மாணவர் பெனெடெட்டோ காஸ்தெல்லி 1639-இல் திராசிமேனோ ஏரியின் மட்டம் மழையால் எவ்வளவு ஏறும் என்று அறிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை மழையில் வைத்து, முடிவைக் குருவுக்குக் கடிதமாக எழுதினார். அதன் பிறகு இங்கிலாந்தில் ரிச்சர்ட் டவுன்லி என்பவர், மழையில் நனைந்துகொண்டு போய் அளக்க விருப்பமில்லாமல், கூரையில் புனல் வைத்து ஈயக் குழாயைத் தன் படுக்கையறைக்கே இறக்கிவிட்டார். 1677-இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் கணக்கு வைத்தார். சோம்பேறித்தனத்துக்கு இதைவிட நல்ல பயன் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கூரையில் வைத்ததில் ஒரு சிக்கல் இருந்தது. அது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1766-67-இல் ஒரே மாதிரி மூன்று மழைமானிகளை அருகருகே, ஆனால் வெவ்வேறு உயரத்தில் வைத்தார். ஒன்று தோட்டத் தரையில், ஒன்று வீட்டுக் கூரையில், ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயக் கோபுரத்தில். ஒரு வருடத்தில் தரையில் 22.6 அங்குலம். கூரையில் 18.1. கோபுரத்தில் 12.1 மட்டுமே. ஒரே இடம், ஒரே வானம், மேலே இருப்பது ஏறக்குறைய பாதி! ஹெபர்டன் மின்சாரத்தின் ஏதோ அறியாத குணமாக இருக்கலாம் என்று நினைத்தார். துளி கீழே வரும்போது காற்றிலுள்ள ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு பருத்துவிடுகிறதோ என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் யோசித்தார். இரண்டும் தப்பு. 1861-இல் விடையை எழுதியவர் ஸ்டான்லி ஜெவன்ஸ், பிற்பாடு பொருளாதார அறிஞராகப் பெயர் பெற்றவர்.

காரணம் காற்று. ஓடுகிற தண்ணீரில் கல் கிடந்தால் தண்ணீர் அதைச் சுற்றி விரைந்து ஓடுகிறதல்லவா, அதுபோல மழைமானியின் விளிம்பில் மோதும் காற்று மேலே எழும்பி வேகமெடுக்கிறது. உள்ளே விழ வேண்டிய துளிகளை, அதிலும் சின்னத் துளிகளை, அப்படியே வாயைத் தாண்டித் தள்ளிவிடுகிறது. உயரம் போகப் போகக் காற்று பலமாகும். பிடிபடும் மழை குறையும். மாடியில் மழைமானி வைத்திருக்கும் ஆர்வலர்கள் வானிலை அலுவலகக் கணக்கோடு சண்டை போடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நானும்தான்.

அப்படியென்றால் தரையோடு தரையாக வைத்துவிட்டால்? சுற்றிலும் விழும் துளி மண்ணில் மோதித் தெறித்து உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவே சமரசமாகத்தான் இந்தியாவில் மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரமோ சுவரோ மறைக்கக்கூடாது என்பதற்கு, அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது பல இடங்களில் ஆளே போவதில்லை. புனலுக்குக் கீழே சீசா பலகை மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் எடை தாங்காமல் சாய்ந்து கொட்டும். அதே அசைவில் மற்றது மேலே வந்து வாயை நீட்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடக்கும், 'டக்' என்று ஒரு கணக்கு ஏறும். புனலின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர், ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் என்றால், கிண்ணம் பிடிப்பது 4 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. சாய்கிற கிண்ணத்தை முதலில் யோசித்தவர் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், 1662-இல். இதன் பலவீனம் பேய்மழை. கிண்ணம் சாயும் அந்த நொடித் துணுக்கிலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அது கணக்கில் சேராமல் போகும். கொட்டக் கொட்ட இழப்பும் கூடும். எந்த மழையைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்த மழையில்தான் கருவி தடுமாறுகிறது. புனலில் ஓர் இலை விழுந்தால் கதையே முடிந்தது, என் மாடிக் குழாய் மாதிரி.

இனி அக்காவின் புகாருக்கு வருவோம்.

இடிமழை ஊர் முழுவதற்கும் விரித்த போர்வை அல்ல. தனித்தனி மேகக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் அகலம். சூடான காற்று மேலேறி மேகமாகிறது. துளிகள் பருத்து விழும்போது குளிர்ந்த காற்றையும் கூடவே இழுத்து வருகிறது. அந்தக் குளிர்காற்று அடியில் பரவி, மேகத்தை வளர்த்த சூட்டையே துண்டித்துவிடுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் கோபுரம் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். மழை வருமுன் திடீரென்று முகத்தில் அடிக்கிற சில்லென்ற காற்று, பக்கத்தில் எங்கோ அது கரையத் தொடங்கியதன் தூது. அந்தக் குளிர்காற்று ஓரிடத்தில் வெப்பக் காற்றை முட்டித் தூக்கினால் அங்கே புதுக் கோபுரம் எழும். எந்தத் தெருவுக்கு மேல் என்பதை முன்கூட்டிச் சொல்வதுதான் வானிலை அறிவிப்பிலேயே கஷ்டமான வேலை.

2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நகரத்தின் தென்கோடியில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர். ஒரே நாள், ஒரே ஊர், பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். கொலாபாவை மட்டும் பார்த்தவருக்கு அது சாதாரண ஜூலை மழை. இன்னொரு விஷயம்: அந்த மழை ஏட்டில் ஜூலை 27-இன் கணக்கில் இருக்கும். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்வதுதான் இங்கே ஒரு நாள் மழை. அளக்கிற காலையின் தேதிதான் அதற்குத் தேதி. எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு விட்ட மழையை இரண்டு நாளும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இடைவெளியை நிரப்ப ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ரேடார் தண்ணீரை அளப்பதில்லை, துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கிறது. எதிரொலி துளியின் விட்டத்தைப் பொறுத்து ஆறாம் மடியில் கூடும். 2 மில்லிமீட்டர் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர் துளிகள் 64 சேர்ந்தாற்போல் மின்னும். அதனுள் இருக்கும் தண்ணீரோ எட்டுத் துளிக்குச் சமம்தான். சில பெரிய துளிகளா, ஏராளமான சின்னத் துளிகளா என்று தெரியாமல் எதிரொலியை மழையாக மாற்றினால் கணக்கு தப்பும். அதனால் ரேடாரைச் சரிபார்க்கவும் கடைசியில் தரையில் நிற்கும் அந்தத் தகரப் பாத்திரத்திடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அப்படி எத்தனை பாத்திரம்தான் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் 2017-இல் கூட்டிப் பார்த்தார்கள். உலகெங்கும் தரவு கிடைக்கிற மழைமானிகளின் வாய்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பாதிக் கால்பந்து மைதானம்கூட நிறையாது. பூமியில் பெய்யும் மழையை நாம் நேராகத் தொட்டு அளப்பது அவ்வளவு இடத்தில்தான்.

வாளியைக் கைவிட்டு, செங்குத்துச் சுவருள்ள தகர டப்பா ஒன்றை மாடியில் வைத்திருக்கிறேன். வாயின் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். நேற்றைய மழைக்கு அதில் 8.1 நின்றது. அக்காவுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் போன் செய்தாள்: "டப்பாவுல ஒரு பல்லி உட்கார்ந்திருக்கு. அதையும் எழுதணுமா?"