டெட்ராபோடாவுக்கு நாற்காலி போட வேண்டாம்

மீனிலிருந்து தரைவாழ் விலங்குகள் வந்த பாடத்தைத் திறந்தாலே கூடவே ஒரு சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ‘நாற்காலிகள்’. கொஞ்சம் கூச்சம் உள்ளவர்கள் ‘நாற்கால் விலங்குகள்’ என்கிறார்கள். காணொளி வகுப்பிலும் இதுதான், உயர்தர மாணவர் கையில் இருக்கும் நகல் குறிப்பிலும் இதுதான். டெட்ராபோடா என்ற உயிரியல் பெயருக்குத் தமிழாக இரண்டுமே பொருந்தாது.

சொற்பிறப்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. கிரேக்கத்தில் டெட்ரா நான்கு, பூஸ் பாதம், பொடோஸ் அதன் வேற்றுமை வடிவம். அவ்வளவுதான். சிக்கல், உயிரியல் அந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது. இது வம்சத்தின் பெயர். மீனின் இரண்டு சோடிச் செட்டைகள், அதாவது மார்புச் செட்டையும் இடுப்புச் செட்டையும், விரல் உள்ள அவயவங்களாக மாறிய ஒரு மூதாதையின் வழிவந்த அத்தனை பேருக்கும் இது குடும்பப் பெயர். நான்கு என்ற எண் வந்ததே இரண்டு சோடிச் செட்டையால். (இன்று வாழும் கூட்டங்களின் பொது மூதாதையிலிருந்துதான் பெயர் தொடங்க வேண்டும் என்று இறுக்கிப் பிடிக்கும் ஆய்வாளரும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.)

ஆகவே ஆளின் காலை எண்ணிப் பெயர் வைக்க முடியாது. பாம்புக்குக் கால் இல்லை, ஆனால் அது இந்தக் குடும்பம். திமிங்கிலம், கோழி, மனிதன் எல்லாரும் அப்படியே. தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும்போது ஈர மண்ணிலிருந்து கருத்த உடலும் பக்கவாட்டில் மஞ்சள் கோடுமாக ஒன்று நெளிந்து வரும். பாம்பென்று மண்வெட்டியாலேயே முடித்துவிடுவார்கள். உடல் முழுக்க வளையம் வளையமாக இருந்தால் அது பாம்பல்ல, இக்தியோபிஸ். தவளைக்குச் சொந்தம், இங்குள்ள இனங்கள் இலங்கைக்கே உரியவை. சுவிஸ் இயற்கையியலாளர்களான சரசின் உறவினர்கள் பௌலும் பிரிட்ஸும் 1880களில் பேராதனையில் தங்கி இதன் வளர்ச்சியைத்தான் ஆராய்ந்தார்கள். பெயரின் பொருள் ‘மீன்பாம்பு’. மீனுமில்லை, பாம்புமில்லை, ஒரு காலும் இல்லை, இருந்தும் முழு டெட்ராபோடா. இதை ‘நாற்கால் விலங்கு’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை முதலில் காலைத் தேடும், பிறகு பாடத்தைச் சந்தேகிக்கும்.

விலங்கு என்ற சொல்லும் இங்கே இடறுகிறது. விலங்குதல் என்றால் குறுக்காதல். உடல் தரைக்குக் குறுக்காகக் கிடப்பதால் வந்த பெயர் என்பது பழைய விளக்கம். நிமிர்ந்து நிற்கும் மனிதனை அதற்குள் தள்ளுவது சொல்லின் வேரோடேயே மல்லுக்கட்டுவது. ‘நாற்கால் விலங்கு’ நல்ல சொல்தான், வேறு வேலைக்கு: நான்கு காலில் நடக்கும் மாடு, ஆடு, ஹோர்ட்டன் சமவெளி மரை. இலத்தீனின் குவாட்ருபெட் அதுதான். வேர்ப்பொருள் ஒன்றானாலும் ஐரோப்பியர் இரண்டு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுகிறோம்.

‘நாற்காலி’க்கு ஒரு சாமர்த்தியமான வாதம் உண்டு. ‘இலங்கையில் உட்காருவதற்குக் கதிரை இருக்கிறது, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். நாற்காலி சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன?’ யாழ்ப்பாணத்தில் வேண்டுமானால் இது செல்லும். மலைநாட்டில் பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் கதிரை என்பவர்கள், லயத்துக்குள் வந்ததும் ‘நாக்காலிய இழுத்துப் போடு’ என்கிறார்கள். அதே மாணவர் தமிழ்நாட்டுக் காணொளியையும் பார்க்கிறார், அங்கே நாற்காலி நாற்காலிதான். ‘தெவோனியன் காலத்தில் நாற்காலிகள் தோன்றின’ என்று எழுதிவிட்டு வகுப்பில் சிரிக்காதே என்றால் எப்படி?

தனித்தமிழ் அன்பர்களுக்கு ‘நாற்சினையி’ பிடிக்கலாம். இலக்கணத்தில் சினை என்றால் உடற்கூறு. ஆனால் சந்தையில் மீனைப் பிளந்ததும் வயிற்றில் இருப்பதும் சினை. மீன் பாடத்தில் கொண்டுபோய் அந்தச் சொல்லையா வைப்பது? ‘நாலுறுப்பி’ என்றால் ஈரலும் இதயமும் எங்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்கும். ‘நாற்பாதி’யில் ‘பாதி’ முன்னுக்கு வந்து நிற்கிறது, போதாததற்குப் பாதம் மட்டுமே தெரிகிறது. மாறியது பாதம் மட்டுமில்லை. யூஸ்தெனோப்டெரான் என்ற தொல்மீனின் செட்டைக்குள்ளேயே முதலில் ஒரு என்பு, அடுத்து இரண்டு என்பு என்ற ஒழுங்கு இருக்கிறது. நம் கையில் அதே ஒழுங்கு மேற்கையில் புயவென்பாகவும், முன்கையில் ஆரை, அரந்தியாகவும் நிற்கிறது. புதிதாகச் சேர்ந்தது நுனியில் வரும் விரல். தோள்முதல் நுனிவரை அடக்கும் சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் பாடசாலையில் ஏற்கனவே புழங்குகிறது: அவயவம். முன்னவயவம், பின்னவயவம் என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ‘நாலவயவி’ ஒரே மூச்சில் புரியும். நாலடி, நாலாயிரம் போல நான்கு ‘நால்’ ஆகி நிற்கிறது, புணர்ச்சியிலும் குறையில்லை. வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். தெளிவுக்கும் தூய்மைக்கும் சண்டை வந்தால் பாடப்புத்தகம் தெளிவின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

‘ஈரூடகவாழி’யையும் இதற்கு மாற்றாகப் போடக்கூடாது. அது தவளை, இக்தியோபிஸ் கூட்டத்துக்கான பெயர், அதுவும் முழுக்கச் சரியில்லை. ஹக்கலைக் காட்டில் கத்தும் புதர்த்தவளைகள் பல தரையில் முட்டையிட, வாற்பேய் நிலையே இல்லாமல் குட்டித் தவளையாகவே வெளியே வருகின்றன.

இதைவிட மோசம் மொழிபெயர்ப்பாளரின் வினைச்சொற்கள். ‘நிலத்தில் நடப்பதற்காக மீன்களுக்குக் கால் முளைத்தது, பின் அவை கரையேறின.’ இந்த ‘பதற்காக’தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கிரீன்லாந்தில் புதைபடிவமாகக் கிடைத்த அகாந்தோஸ்டெகாவுக்கு, ஏறக்குறைய 36.5 கோடி ஆண்டுகளுக்கு முன், முன்னவயவத்தில் எட்டு விரல். கூடவே உள்ளே மீனுக்குரிய பூக்கள் (செவுள்கள்), வாலில் செட்டைக் கதிர்கள். அது நீரிலேயே கிடந்த பிராணி. விரல் முதலில், கரை பிறகு. கனடாவின் எல்லெஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்து 2006இல் அறிவிக்கப்பட்ட டிக்டாலிக் என்ற தொல்மீனை ‘நடந்த மீன்’ என்பதும் இதே அவசரம்தான். அதற்குக் கழுத்து உண்டு, செட்டைக்குள் மணிக்கட்டுப் போன்ற மூட்டும் உண்டு, விரல் கிடையாது, செட்டைக் கதிர் உண்டு. ஆழமில்லாத நீரில் செட்டையை ஊன்றி உடலை நிமிர்த்தியிருக்கும். கரையில் நகர்வதுதான் தகுதி என்றால், பூமூடி முள்ளை ஊன்றி இன்றும் ஈரத் தரையில் நகரும் பனையேறிக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுக்க வேண்டும்.

அந்த வரியை இப்படி எழுதலாம்: ‘ஆழமற்ற நீரில் வாழ்ந்த சில மீன்களின் சோடிச் செட்டைகள் விரலுள்ள அவயவங்களாக மாறின, அவற்றின் வழிவந்த நாலவயவிகளில் சில பின்னர் நிலத்திலும் வாழ்ந்தன.’ நான்கைந்து சொல் கூடும், கூடட்டும்.