சொல் விளக்கம்: இன்வெர்ஸ் அசோசியேஷன் – மறுதலைத் தொடர்பு

தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துக் கட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு நெடுவரிசைதான். தாமிரபரணிப் பாசனத்தையே எடுத்துக்கொள்வோம். கால்களுக்கு, அதாவது ஆற்றுத் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்களுக்கு, ஓர் அட்டவணை. குளங்களுக்கு ஓர் அட்டவணை. நயினார்குளத்தின் வரிசையில் 'கால்_எண்' என்ற கட்டத்தில் நெல்லைக் காலின் எண் இருக்கும். வேய்ந்தான்குளத்தின் வரிசையில் பாளையங்காலின் எண் இருக்கும். இணைப்பு அவ்வளவுதான். ஆனால் அட்டவணையின் வரிசைகளை நிரலுக்குள் பொருள்களாக (ஆப்ஜெக்ட்) ஆக்கித்தரும், ஓ.ஆர்.எம். என்று சொல்லப்படும் லைப்ரரி வழியாக இதே தரவு நிரலுக்குள் வந்ததும், அந்த ஓர் இணைப்புக்கு இரண்டு முனைகள் முளைத்துவிடுகின்றன. காலிடம் 'உன் குளங்கள் எவை' என்று கேட்கலாம். குளத்திடம் 'உன் கால் எது' என்றும் கேட்கலாம். இந்த இரண்டில் ஒன்றுக்கு மற்றொன்று இன்வெர்ஸ் அசோசியேஷன்.

இரண்டும் ஒரே இணைப்புத்தான் என்று நமக்குத் தெரியும். லைப்ரரிக்கு அது தெரியாமல் போகும் இடத்தில்தான் பிழை வருகிறது.

பாளையங்கோட்டையில் இறுதியாண்டு புராஜெக்டாகக் குளங்களின் நீர்க்கணக்கைச் செய்துகொண்டிருந்த ஒரு தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டிச் சொன்னது இது: "அண்ணாச்சி, காலை அடைச்சாச்சு. ஆனா குளத்துகிட்ட போயி ஒன் காலு எப்படி இருக்குன்னு கேட்டா, தெறந்திருக்குங்கு." வலைச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதியிருந்தார்; அதற்குள்ளேயே ஓர் ஓ.ஆர்.எம். உண்டு. தரவுத்தளத்திலிருந்து நெல்லைக் காலை எடுக்கிறார். அதன் குளங்களில் முதலாவதாக நயினார்குளம் வருகிறது. காலின் நிலையை 'அடைப்பு' என்று மாற்றுகிறார், இன்னும் சேமிக்கவில்லை. அப்புறம் 'குளம்.கால்.நிலை' என்று கேட்கிறார். 'திறப்பு' என்று பதில் வருகிறது.

காரணம் இதுதான். குளத்திடம் கால் எது என்று கேட்டதும், லைப்ரரி மறுபடி தரவுத்தளத்துக்குப் போய், அதே வரிசையிலிருந்து இன்னொரு பொருளைச் செய்து கொண்டுவந்துவிட்டது. தரவுத்தளத்தில் நெல்லைக் கால் ஒன்று. நினைவகத்தில் இரண்டு. ஒன்று அடைத்தது, மற்றது திறந்தது. நூறு குளங்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றிடமும் காலின் பெயரைக் கேட்டால் நூறு தடவை கேள்வி தரவுத்தளத்துக்குப் போகும் என்பது கூடுதல் தண்டம்.

இதே பிழை புதுப் பதிவுகளில் வேறு முகம் காட்டும். ரெயில்ஸ் 5 முதல், குளம் ஒரு காலைச் சேர்ந்தது என்று எழுதினால் கால் கட்டாயம் இருந்தாக வேண்டும். ஒரே படிவத்தில் புதுக் காலையும் அதன் குளங்களையும் சேர்த்துப் பதியும்போது, காலுக்கு இன்னும் எண்ணே கிடைத்திருக்காது. மறுமுனை எது என்று லைப்ரரிக்குத் தெரியாவிட்டால் குளம் தன் காலைத் தேடி வெறுங்கையோடு திரும்பும். 'கால் இல்லை' என்று படிவம் மறுத்துவிடும். கால் அதே படிவத்தில் கண்முன்னால் இருக்கிறது! இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சரிபார்ப்பு விதியையே தூக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது திருத்தம் ஆகாது. 'இந்தத் தொடர்புக்கு மறுமுனை அது' என்று 'இன்வெர்ஸ்_ஆஃப்' போட்டுச் சொல்வதுதான் திருத்தம்.

சொல்லின் வேருக்கு வருவோம். லத்தீனில் 'வெர்தேரே' என்றால் திருப்புதல். 'இன்வெர்தேரே' என்றால் கவிழ்த்தல், புரட்டிப்போடுதல். அதிலிருந்து இன்வெர்ஸ். அசோசியேஷனுக்குள் இருப்பது 'சோசியுஸ்', அதாவது கூட்டாளி. சொசைட்டியும் சோஷியலும் அந்த வேர்தான். நிரலாளர்கள் எடுத்துக்கொண்டது கணிதப் பொருளை. ஓர் உறவில் (அ, ஆ) என்ற ஜோடி இருந்தால், அதன் இன்வெர்ஸில் (ஆ, அ) இருக்கும். மதிப்பு மாறவில்லை, அடையாளம் மாறவில்லை, முனைகள் மட்டும் இடம் மாறின.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பள்ளிக் கணிதத்தில் இன்வெர்ஸுக்கு 'நேர்மாறு' என்று படித்திருக்கிறோம்: நேர்மாறு அணி, நேர்மாறு சார்பு. கணித வகுப்புக்குள் அது சரி. வெளியே வந்தால் 'நீ சொன்னதுக்கு நேர்மாறாச் செய்யுதான்' என்ற பேச்சு வழக்கு முந்திக்கொள்கிறது. குளம் காலுக்கு மாறானது இல்லையே. 'தலைகீழ்த் தொடர்பு' என்றால் ஏதோ கவிழ்ந்து கிடக்கிறது என்று தோன்றும். 'எதிர் உறவு' பகையாளியைக் காட்டிவிடும். 'உறவு' என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்த 'ரிலேஷன்' என்பது அட்டவணையைக் குறிப்பது. அட்டவணைகளுக்கு இடையிலான பிணைப்பைக் குறிப்பதில்லை. ஆகவே ரிலேஷனை உறவு என்று வைத்துக்கொண்டு, அசோசியேஷனைத் தொடர்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

என் தேர்வு 'மறுதலை'. இதுவும் பள்ளியில் படித்த சொல்தான். தேல்ஸ் தேற்றத்தின் மறுதலை, பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை. அங்கே மறுதலை என்றால் தேற்றத்தைப் பொய் என்று சொல்வது இல்லை. கொடுத்ததும் நிரூபிக்க வேண்டியதும் இடம் மாறுகின்றன, அவ்வளவே. ஆங்கிலத்தில் அதன் பெயர் கன்வர்ஸ். உறவுகளைப் பற்றிய கணிதத்தில் இன்வெர்ஸ் உறவுக்கே கன்வர்ஸ் உறவு என்ற மறுபெயரும் உண்டு. ஆக, நாம் தேடுகிற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு வசதி, 'தலை' என்பது முனையையும் பக்கத்தையும் குறிக்கும் பழைய சொல். ஒருதலைக் காதல் என்கிறோம், இருதலைக் கொள்ளி என்கிறோம். 'மறு' என்றால் மற்றது. நம் பக்கத்தில் குளம் பெருகி மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழிக்கு மறுகால் என்று பெயர். மறுகால்தலை என்று ஓர் ஊரே இருக்கிறது, 1906இல் தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்ட ஊர். மென்பொருளின் அமைப்பை வரைந்துகாட்டும் யூ.எம்.எல். வரைபடத்திலும் அசோசியேஷனின் இரண்டு நுனிகளை 'எண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ஒரு குடும்பமே கிடைத்துவிடுகிறது: ஒரு பக்கமிருந்து மட்டும் கேட்க முடிந்தால் ஒருதலைத் தொடர்பு. இரண்டு பக்கமும் கேட்க முடிந்தால் இருதலைத் தொடர்பு. நாம் நிற்கும் முனைக்கு மற்றது மறுதலைத் தொடர்பு.

ஒரு தடங்கல் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பேதுரு மறுதலித்த பகுதியைக் கோயிலில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மறுதலை என்றதும் மறுப்பது நினைவுக்கு வரும். பாளையங்கோட்டையில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். வினையாக வரும்போது அந்தப் பொருள்தான் ஓங்கி நிற்கிறது. பெயராக, 'மறுதலைத் தொடர்பு' என்று சேர்த்தே சொன்னால் குழப்பம் வருவதில்லை.

இனி இந்தச் சொற்களை வைத்தே மற்றப் பிழைகளைப் பார்க்கலாம்.

ரெயில்ஸில் இன்வெர்ஸ்_ஆஃப் 2010 வாக்கில் வந்தது. 2014இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து மறுதலை எது என்று லைப்ரரி தானே ஊகிக்கிறது, பெயரை வைத்து. இந்த ஊகம் எங்கே தோற்கும் என்பதற்கு நம் உறவுமுறையே போதும். நான் ஒருவரை மயினி (அண்ணன் மனைவி) என்று கூப்பிட்டால் அவர் எனக்கு என்ன முறை வேணும் என்று தெரிந்துவிடும்; நான் அவருக்கு என்ன முறை என்பது அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தெரியாது. ஆணாக இருந்தால் கொழுந்தன், பெண்ணாக இருந்தால் நாத்தனார். ரெயில்ஸும் அப்படித்தான் திகைக்கிறது. இணைப்பு நெடுவரிசைக்கு வழக்கமில்லாத பெயர் வைத்து அதைத் தனியாக எழுதியிருந்தால் ஊகிக்காது. இடையில் மூன்றாவது அட்டவணை வழியாகப் போகும் தொடர்பிலும் ஊகிக்காது. 'தூர்வாரிய குளங்கள் மட்டும்' என்பது போல நிபந்தனை சேர்த்த தொடர்பையும் நெடுங்காலம் விட்டுவிட்டது, 7.0 பதிப்பில்தான் அதற்கு ஓர் அமைப்பு வந்தது. எச்சரிக்கை எதுவும் வராமல் ஊகம் நின்றுபோவதுதான் இதில் கொடுமை. நிரல் ஓடும், இரண்டு நெல்லைக் கால்கள் நினைவகத்தில் நடமாடும்.

லைப்ரரியையே திருத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் நுணுக்கம். 6.1 பதிப்பில், குளத்துக்குக் காலை ஒதுக்கினால் காலின் குளத் தொகுப்பிலும் அந்தக் குளம் தானாகச் சேரும் வசதி வந்தது. இப்படி இரு பக்கமும் ஒன்றையொன்று நிரப்பும்போது இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. தொகுப்பில் அதே குளம் இரண்டு தடவை சேரலாம். அல்லது, கால் குளத்தைச் சேமிக்கச் சொல்ல, குளம் காலைச் சேமிக்கச் சொல்ல, சுழன்றுகொண்டே இருக்கலாம். இங்கே திருத்தம் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது 'இந்தப் பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா', அடுத்தது 'இந்தச் சேமிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதா' என்பதை. அப்புறம் சோதனை. பெயரும் எண்ணும் பொருந்துகின்றன என்று சோதித்தால் போதாது, இரண்டு பிரதிகளிலும் அவை பொருந்தத்தான் செய்யும். காலிலிருந்து குளத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்தால் கையில் கிடைப்பது அதே பொருளா, அதாவது நினைவகத்தில் அதே ஒன்றா என்று சோதிக்க வேண்டும்.

பைத்தானில் எஸ்க்யூஎல் ஆல்கெமி என்ற ஓ.ஆர்.எம். இதை வேறு மாதிரி கையாள்கிறது. இரு பக்கமும் 'பேக்_பாப்புலேட்ஸ்' என்று ஒன்றின் பெயரை மற்றதில் எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டால், ஒரே நெடுவரிசையில் இரண்டு தொடர்புகள் எழுதப் போகின்றன என்று 1.4 பதிப்பு முதல் எச்சரிக்கிறது. எச்சரிக்கிற லைப்ரரி நல்ல லைப்ரரி.

ஜாவா உலகத்து ஓ.ஆர்.எம். ஆன ஹைபர்நேட்டில் பிழை நினைவகத்தோடு நிற்காது, தரவுத்தளம் வரை போகும். அங்கே இருதலைத் தொடர்பில் ஒரு முனை மட்டுமே இணைப்பு நெடுவரிசையில் எழுதும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஓனிங் சைடு', மற்றதற்கு 'இன்வெர்ஸ் சைடு'. 'மேப்டுபை' என்று எழுதிய முனை மறுதலை. காலின் குளத் தொகுப்பில் வேய்ந்தான்குளத்தைச் சேர்த்துவிட்டு, வேய்ந்தான்குளத்திடம் அதன் காலைச் சொல்லாமல் விட்டால், தொகுப்பு மறுதலை என்பதால் எதுவும் எழுதப்படாது. திரையில் சரியாகத் தெரிந்த குளம் அடுத்த தடவை திறக்கும்போது காணாமல் போயிருக்கும். மேப்டுபையையே மறந்துவிட்டால் வேறு கூத்து: இரண்டு முனைகளையும் இரண்டு தனித் தொடர்புகளாக எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காத ஓர் இணைப்பு அட்டவணையை அது உருவாக்கிவிடும். புராஜெக்டில் திடீரென்று 'கால்_குளம்' என்று ஓர் அட்டவணை முளைத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

'ஓனிங் சைடு' என்பதை உரிமையாளர் பக்கம் என்று பெயர்த்தால் இந்தப் பிழையை நாமே கூப்பிட்டு உட்காரவைத்தது போலாகும். காலுக்குத்தானே குளங்கள் சொந்தம் என்று நினைத்துப் பிள்ளைகள் மேப்டுபையைக் குளத்தின் பக்கம் வைக்கப் பார்க்கிறார்கள். உண்மையில் நெடுவரிசை குளத்தின் அட்டவணையில் இருக்கிறது, எழுதுவதும் குளம்தான். 'எழுதும் தலை' என்றே சொல்லிவிடலாம். குளம் எழுதும் தலை, காலின் குளத் தொகுப்பு மறுதலை. காலுக்குள் 'குளத்தைச் சேர்' என்று ஒரு செயற்கூற்றை எழுதி, அதற்குள் இரண்டு வரி: தொகுப்பில் குளத்தைப் போடு, குளத்துக்குக் காலைச் சொல். நீக்குவதற்கும் அதே மாதிரி இரண்டு வரி. தொகுப்பை வெளியிலிருந்து நேரடியாக யாரும் தொடாதபடி பூட்டிவைத்துவிட்டால், இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் மாறும்.