பாக்கிக்கு ஏலம் போன நிலம்: எந்தத் தொகைக்கு வரி?

நீலகிரியின் கோத்தகிரி, குந்தா பக்கம் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டும் தீர்வை சொற்பம்தான். அதற்காகத் தோட்டம் ஏலத்துக்குப் போவது அபூர்வம். ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. அரசுக்குச் சேரவேண்டிய மற்ற பல பாக்கிகளையும் நிலவரியைப் போலவே வசூலிக்க, 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இடம் தருகிறது. முதலில் கேட்பு நோட்டீஸ், பிறகு ஜப்தி, அதன் பிறகு ஏலம்.

ஏலம் எடுப்பவர் அந்த இடத்திலேயே 15 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை 30 நாளுக்குள். அவருக்குக் கிடைப்பது விற்பனைச் சான்றிதழ். அதற்கான முத்திரைத்தீர்வையில்தான் பலரும் குழம்புகிறார்கள். வழக்கமான கிரயப் பத்திரத்துக்கு அரசின் வழிகாட்டி மதிப்பைப் பார்ப்பார்கள். வருவாய் அதிகாரி நடத்திய பொது ஏலத்தின் சான்றிதழுக்கு அப்படியில்லை: ஏலத்தில் கொடுத்த விலையே சந்தை மதிப்பு என்கிறது முத்திரைச் சட்டத்தின் அட்டவணை, இனம் 18. உதாரணமாக, 10 லட்சத்துக்கு எடுத்தால் கணக்கு 10 லட்சத்துக்குத்தான். வழிகாட்டி மதிப்பு 14 லட்சமாக இருந்தாலும் அதேதான்.

கேட்பவர் யாருமில்லாவிட்டால் பேருக்கு ஒரு தொகை குறித்து அரசே நிலத்தை எடுத்துக்கொள்வதுண்டு. அந்தத் தொகையைப் பார்த்து ‘எங்கள் மண்ணுக்கு இவ்வளவுதானா’ என்று நொந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அது மண்ணின் மதிப்பே அல்ல; ஏலத்தை முடித்துவைக்க எழுதும் எண். அது சிறியதாக இருப்பது உங்களுக்கு நல்லதும்கூட. ஏன் என்றால், ஏலம் நடந்த 30 நாளுக்குள் நிலத்தை மீட்க வருவாய் வசூல் சட்டத்தின் 37-அ பிரிவு வழி விட்டிருக்கிறது. பாக்கி, வட்டி, ஜப்தி, ஏலச் செலவு, அதோடு ஏல விலையில் 5 சதவீதம் ஆகியவற்றைத் தாலுகா கருவூலத்தில் கட்டி, ஏலத்தை ரத்து செய்ய ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். 10 லட்சத்துக்கு வேறொருவர் எடுத்திருந்தால் அந்த 5 சதவீதமே 50,000 ரூபாய். அரசு எடுத்த நிலத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

ஏலம் முறைகேடாக நடந்தது என்றால் அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில் மனு போடலாம். அதற்கும் 30 நாள்தான். முறைகேட்டால் கணிசமான நஷ்டம் வந்ததையும் காட்ட வேண்டும். ஆனால் அந்த மனுவைத் திரும்பப் பெறாமல் 37-அ வழிக்குப் போக முடியாது. பணம் புரட்ட முடியுமா என்பதை முதல் வாரத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கெடு தாண்டி ஏலம் உறுதியானால், அரசு எடுத்த நிலம் சர்க்கார் கணக்குக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் பழையபடி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஆக்கிரமிப்பு. அரசு நில ஆக்கிரமிப்புக்குத் தண்டம் கேட்கும் ‘பி மெமோ’ நோட்டீஸ் வரும். அந்த மெமோவுக்குப் பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு; அது பட்டாவுக்கு ஈடாகாது.

ஏலத்தில் வாங்க நினைப்பவர் வில்லங்கத்தைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும். நிலவரி பாக்கிக்கான ஏலத்தில் பழைய அடமானங்கள் அற்றுப்போகும். மற்ற பாக்கிகளுக்கான ஏலத்திலும் அப்படித்தான் என்று நம்பிப் பணம் போட வேண்டாம். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் (ஹாகா) கட்டுப்பாடு எந்த ஏலத்திலும் நீங்காது.