வெள்ளையாகத் தெரிவது நீராவி இல்லை

இந்த வருடத்தில் நீராவி சுட்டு நான் பார்க்கும் மூன்றாவது கை இது. இருபத்திரண்டு வயதுப் பையன், பாய்லர் ரூமில் வேலை. குழாய்ப் பக்கம் 'உஸ்' என்று சத்தம் வந்திருக்கிறது. எங்கே கசிகிறது என்று கையை நீட்டித் தேடியிருக்கிறான். "புகையே தெரியல சார்" என்கிறான், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

தெரியாது தம்பி. எத்தனை தடவை சொல்வது?

கப்பலில் ஸ்டீம் டர்பைனோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். கலிபோர்னியாவில் லாங் பீச்சில் நிற்கும் குயின் மேரி என்ற பழைய பயணிகள் கப்பலின் இன்ஜின் ரூமை ஒருமுறை பார்க்கப் போனேன். 1936இல் முதல் பயணம், 1967இல் ஓய்வு. பாய்லர்களை எடுத்துவிட்டார்கள், பின்பக்க இன்ஜின் ரூம் மட்டும் இருக்கிறது. அங்கே வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்பா மகளிடம் சொன்னார்: "அந்தக் காலத்துல இங்க ஒரே வெள்ளைப் புகையா இருந்திருக்கும்." சினிமா செய்த வேலை! அப்படி இருந்திருந்தால் டியூட்டியில் நின்றவன் தோலை சீஃப் இன்ஜினியர் உரித்திருப்பார்.

ஆவிக்கு நிறமே கிடையாது. கொதிக்கிற கெட்டிலைப் பாருங்கள். மூக்கை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியாது, அதைத் தாண்டித்தான் வெள்ளை. ஆவி இருப்பது அந்த ஒன்றுமே தெரியாத இடத்தில். வெள்ளை, குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். குயின் மேரியில் ஸ்டீமின் அழுத்தம் சுமார் 28 பார், சூடு 370 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் கசிந்தால் ஓட்டையிலிருந்து வெகு தூரம் வரை வெள்ளையே தென்படாது. இரைச்சலில் திசையும் பிடிபடாது. அதனால்தான் பழைய ஆட்கள் துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். கட்டை அரிபட்டால் கசிவு அங்கே.

2003 மே 25 அன்று மயாமி துறைமுகத்தில் நின்றிருந்த எஸ்.எஸ். நார்வே கப்பலில் பாய்லர் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். அது கசிவு இல்லை, சரியாகப் பராமரிக்காமலும் சோதிக்காமலும் விட்டதில் வளர்ந்த விரிசல். அதையும் யாரும் வெளியிலிருந்து பார்த்துவிடவில்லை.

சரி, என்ன செய்வது? சத்தம் கேட்டதும் நில்லுங்கள். வந்த வழியே பின்வாங்குங்கள். தூரத்து வால்வை மூடி, அழுத்தம் இறங்கி, குழாய் ஆறிய பிறகு தேடுங்கள். ஸ்டீம் ஓடுகிற லைனில் ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) போல்ட்டை இறுக்குகிற வீரம் வேண்டவே வேண்டாம். முதலாளி அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சுட்டுவிட்டதா? மோதிரத்தைக் கழற்றி, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. பேனா மை, பற்பசை, மாவு எதுவும் கூடாது. இந்தப் பையனுக்கு மூன்றில் இரண்டைத் தடவியிருந்தார்கள்.

கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு தேடலாமா என்று அவனுடைய சூப்பர்வைசர் என்னிடமே கேட்டார். கூடாது ஐயா. தயவுசெய்து கூடாது.